எம்.பி.ஏ. பாடத்திட்டம் மாறுகிறதா? பாதியில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை வணிகப் படிப்பின் பாடத்திட்டம் மாறும்போது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. பழைய திட்டத்திலேயே முடித்துவிடலாமா, புதியதற்கு மாறலாமா என்ற கேள்வியோடு வருகிறார்கள். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பு தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள், அறிவிப்பை முழுதாகப் படியுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

## புதியது என்பதற்காகவே மாறுவது

வணிகப் பள்ளிகள் பாடத்திட்டத்தைத் திருத்துவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ஹார்வர்டு 1908-இல் எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கியது. 1959-இல் ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் வந்த இரண்டு அறிக்கைகள், வணிகக் கல்வியின் தரம் போதவில்லை என்று கடுமையாகச் சொன்ன பிறகு அமெரிக்கப் பள்ளிகள் பலவும் பாடங்களைத் திருத்தி எழுதின. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2006-இல், நிதி, சந்தையியல் என்று துறைவாரியாகப் பிரிந்திருந்த, எல்லோரும் படிக்க வேண்டிய மையப் பாடங்களைக் கலைத்து, முதலீட்டாளர், வாடிக்கையாளர், போட்டியாளர் ஆகியோரின் கோணங்களில் மறுபடி அமைத்தது.

அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட அமைப்பு முதல் நாளிலிருந்து அதில் படிப்பவருக்காக வரையப்படுவது. நிதியையும் சந்தையியலையும் தனித்தனியாக முடித்துவிட்டு நடுவில் நுழைபவர், தெரிந்ததில் பாதியை மறுபடி கேட்க வேண்டியிருக்கும். மீதிப் பாதிக்கு அடித்தளம் இருக்காது.

## மொத்தக் கிரெடிட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கோபம் மாணவர்கள் மேல் மட்டும் அல்ல. ‘நீங்கள் எடுத்த கிரெடிட்டுகள் அனைத்தும் ஏற்கப்படும்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, எந்தக் கணக்கில் ஏற்கப்படும் என்பதைச் சொல்லாமல் விடும் அறிவிப்புகள் மேலும்தான்.

வேலை பார்த்துக்கொண்டே படித்த ஒரு மாணவி என்னிடம் வந்தார். பழைய பட்டத்துக்கு 60 கிரெடிட் (பாடத்தின் அளவுக்கேற்பக் கிடைக்கும் புள்ளி). அவர் 36 முடித்திருந்தார். புதிய பட்டம் 48 கிரெடிட்தான். நாற்பத்தெட்டில் முப்பத்தாறு போனால் பன்னிரண்டு. ஒரே பருவத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, மாறுதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு எதைப் பதிவு செய்வது என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அவருடைய மதிப்பெண் சான்றை எடுத்து, ஒவ்வொரு பாடத்தையும் புதிய திட்டத்தில் அது உட்காரும் இடத்தில் எழுதிப் பார்த்தோம். புதிய திட்டம் இப்படி: மையப் பாடம் 24, சிறப்புப் பிரிவு 12, விருப்பப் பாடம் 6, இறுதித் திட்டப்பணி 6. அவருடைய முப்பத்தாறில் மையப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்பட்டவை 12. சிறப்புப் பிரிவில் 6. மற்ற 18 கிரெடிட்டும் விருப்பப் பாடம் என்ற ஒரே கட்டத்தில் போய் விழுந்தன. அந்தக் கட்டத்தின் எல்லையோ 6. எஞ்சிய 12 கிரெடிட் சான்றிதழில் அச்சாகும், பட்டத்துக்கு உதவாது. ஆக, அவருக்கு மிச்சம் 12 அல்ல, 24. பழைய திட்டத்தில் இருந்திருந்தாலும் அதே 24தான் மிச்சம்.

நட்டம் இதோடு நிற்கவில்லை. பழைய திட்டத்தில் அவர் பருவத்துக்குப் பன்னிரண்டாக இரண்டே பருவத்தில் வெளியேறியிருப்பார். புதிய மையப் பாடங்கள் கல்வியாண்டின் முதல் பருவத்தில் மட்டும் நடக்கும். அவர் மாறியதோ இரண்டாம் பருவத்தில். மையப் பாடங்களை முடித்தால்தான் திட்டப்பணியைத் தொடங்க முடியும். எனவே இந்தப் பருவத்தில் சிறப்புப் பிரிவின் 6 மட்டும், அடுத்ததில் மையப் பாடம் 12, அதற்கடுத்ததில் திட்டப்பணி 6. ஒரு பருவம் என்று நம்பி வந்தவருக்கு மூன்று பருவம். மாறுதலைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை.

கையெழுத்துக்கு முன் அரைமணி நேரம் செலவிட்டிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். எத்தனை கிரெடிட் மாறும் என்று கேட்காதீர்கள். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு, மிச்சப் பாடங்கள் எந்தப் பருவத்தில் நடக்கும், அவற்றுக்கு எந்தப் பாடம் முன்தகுதி என்ற மூன்றையும் கேளுங்கள். பதிவாளர் அலுவலகத்தின் கையெழுத்தோடு அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை படிவத்தைத் தொடாதீர்கள்.

## கிரெடிட்டுகள் எல்லாம் ஒரே எடை என்று நினைப்பது

ஐரோப்பியக் கடன்புள்ளி (கிரெடிட்) முறையில் முழுநேரக் கல்வியாண்டுக்கு 60 புள்ளி; ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்க முறையில் ஒரு முழுப் பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். மறுசீரமைப்பில் முழுப் பாடங்களை ஒன்றரை கிரெடிட் துண்டுகளாக உடைப்பதும் உண்டு. அப்போது பழைய பாடம் ஒன்று புதிய துண்டுகள் இரண்டுக்கு ஈடா, ஒன்றுக்கு மட்டுமா என்று பாருங்கள்.

## பழைய பாடங்கள் எப்போதும் நடக்கும் என்று இருந்துவிடுவது

பழைய திட்டத்திலேயே தொடர்பவர்கள் செய்வது இது. பொதுவாக, சேர்ந்தபோது இருந்த திட்டத்தில் முடிக்க வாய்ப்புத் தருவார்கள். ஆனால் அதற்கு முடிவுத் தேதி உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2017-இல் முழுநேர எம்.பி.ஏ.வை நிறுத்துவதாக அறிவித்தபோது, அந்த ஆண்டு சேர்ந்தவர்களே கடைசி வகுப்பு. அப்படிப்பட்ட கடைசி வகுப்பில் ஒரு பாடத்தில் அரியர் வைத்தால், அதே பாடம் அடுத்த ஆண்டு இருக்காது. ஈடாக எதை எழுதலாம் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## சீனியர் சொன்னார் என்று முடிவெடுப்பது

அவருடைய மதிப்பெண் சான்று வேறு, உங்களுடையது வேறு.

## அங்கீகாரம் தானாகத் தொடரும் என்று கொள்வது

வணிகக் கல்வியை மதிப்பிடும் சர்வதேச அமைப்புகளில், ஏ.ஏ.சி.எஸ்.பி. அங்கீகாரம் வணிகப் பள்ளிக்குத் தரப்படுவது. ஆம்பா அங்கீகாரத்தில் படிப்பே மதிப்பிடப்படுகிறது. உங்கள் பள்ளியிடம் இருப்பது எது, புதிய படிப்பு அதற்குள் வருகிறதா என்று கேளுங்கள்.

## விசாவை மறந்துவிடுவது

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர்களுக்குப் பட்டத்துக்குப் பின் 12 மாதப் பணிப் பயிற்சி உண்டு. படிப்பின் வகைப்பாட்டு எண் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். 2016 முதல் உள்ள விதி இது. புதிய பட்டம் அந்தப் பட்டியலில் இருந்து, பழையது இல்லாமல் போகலாம். பழைய திட்டத்தில் தொடர்ந்தால் விசாவுக்காகப் பள்ளி தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் எந்த எண் இருக்கும் என்று பாருங்கள். புதிய திட்டத்துக்கு மாறி ஒரு பருவம் கூடுதலாகப் படிப்பது நியாயமாகும் சூழல் இது ஒன்றுதான்.

## பட்டத்தின் பெயரைப் படிக்காதது

சான்றிதழில் அச்சாகப்போகும் சொற்களை எழுத்துக்கு எழுத்து கேட்டு வாங்குங்கள்.

## விடுப்பு எடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது

மாற்றம் வரும் ஆண்டில் இடைவிடுப்பு எடுப்பவர்கள்தான் கடைசியில் வந்து திகைக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில், இடைவெளி குறிப்பிட்ட காலத்தைத் தாண்டினால் திரும்பி வருபவர் அப்போது நடப்பில் உள்ள திட்டத்தில்தான் சேர்க்கப்படுவார். தேர்வு செய்யும் உரிமை அங்கேயே போய்விடும். விடுப்பு விண்ணப்பத்திலேயே, திரும்பும்போது பழைய திட்டத்தில் தொடர அனுமதி வேண்டும் என்று ஒரு வரி எழுதி, அதற்குத் தனியாகப் பதில் கேளுங்கள். பதில் வராமல் விடுப்பில் போகாதீர்கள்.