இடுப்புப் பை வாங்குமுன்: ஃப்ளை ஃபிஷிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் நியூ ஜெர்சி ஆறுகளில் அரசாங்கமே லாரியில் டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடும். அதோடு எடிசன் பக்கத்து நண்பர்களுக்கும் ஃப்ளை ஃபிஷிங் ஆசை, அதாவது இறகு சுற்றிப் பூச்சி மாதிரி செய்த கொக்கியை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிக்கும் ஆசை, வந்துவிடும். ராரிட்டன் ஆற்றின் தென்கிளையில், கேலிஃபோன் ஊரைத் தாண்டி கென் லாக்வுட் கோர்ஜ் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் முதல் பாடம். தூண்டில், ரீல், தண்ணீரில் இறங்கப் போடும் நனையாத உடையான வேடர்ஸ் எல்லாம் விசாரித்துத்தான் வாங்கி வருகிறார்கள். இடுப்புப் பையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. "பைதானே" என்று இணையத்தில் தள்ளுபடியில் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். பிறகு நான் என்றோ செய்த தவறுகளை அவர்கள் ஒவ்வொன்றாகச் செய்வதைக் கரையில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

லைசென்ஸையும் டிரவுட் ஸ்டாம்பையும் மறப்பது, விலைச்சீட்டோடு ஆற்றுக்கு வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு நாளில் தானாகச் சரியாகும்.

இடுப்புப் பை நல்ல யோசனைதான். மீன்பிடிக்கிற ஜாக்கெட்டை, அதாவது உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த அந்த வெஸ்ட்டை, 1931இல் முதலில் தைத்துப் போட்டவர் லீ வுல்ஃப் என்பார்கள். அதன் கனம் முழுக்கத் தோளிலும் கழுத்திலும் விழும். ஜூலை வெயிலில் போட்டால் வெந்துவிடும். இடுப்புப் பையில் கனம் இடுப்பு எலும்பில் உட்காரும், தூண்டில் வீசும் தோள் விடுதலையாக இருக்கும். ஆனால் வெஸ்ட்டுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு. இது கட்டப்படுகிற உயரம்தான் அந்தச் சிக்கல்.

தண்ணீர் புகும் பையோடு ஆழத்தில் இறங்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கோர்ஜில் பல இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர். அங்கே எந்தப் பையும் போதும். அடுத்த மாதமே ஆள் நியூயார்க் மாநிலத்து ரோஸ்கோ ஊருக்குப் போவார். பீவர்கில், வில்லோவீமாக் ஆறுகள் இரண்டும் சேரும் ஜங்ஷன் பூலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே. அங்கிருந்து ஹான்காக், டெலாவேர் ஆற்றின் மேற்குக் கிளை. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் கேனன்ஸ்வில் அணையின் அடியிலிருந்து வருகிறது. ஆகஸ்டிலும் கால் விறைக்கும், அதனால்தான் அங்கே டிரவுட் பிழைக்கிறது. அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நேற்று தொடையளவு இருந்த இடம் இன்று இடுப்பளவாக இருக்கும். எதிர்க்கரை ஓரமாக ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து பூச்சி தின்றுகொண்டிருக்கும். இன்னும் இரண்டடி போனால் எட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த இரண்டடியில் பை முழுகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. பையில் மழை வழிந்தோடுவதைப் பார்த்திருந்ததால், நனையாத பை என்று அவர் நம்பியிருந்தார். தண்ணீருக்குள் நின்றவரை கனமே தெரியவில்லை. கரையேறியபோதுதான் பை இடுப்பைக் கீழே இழுத்தது. வடிகால் துளை இல்லாத பை, நான்கைந்து லிட்டர் ஆற்றுத் தண்ணீர் என்றால் நான்கைந்து கிலோ. உள்ளே கார் சாவி. பட்டனை அமுக்கினால் கார் கம்மென்று நிற்கிறது. அதே பையில்தான் போனும். வழியோடு போன ஒரு மனிதர் போன் கொடுத்து உதவி, கார் இழுக்கும் வண்டி வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் அடுத்த வாரம் தெரிந்தது. ஃப்ளை பெட்டிகளை அப்படியே பையோடு காரின் டிக்கியில் போட்டு வைத்திருந்தார். திறந்தபோது நுரை அட்டையில் வரிசை வரிசையாகப் பழுப்பு நிறம். சின்ன ஃப்ளைகளின் கொக்கி மயிரிழைக் கம்பி. துரு முதலில் முனையைத் தின்னும், அப்புறம் சுற்றியிருக்கும் இறகில் கறையாக ஏறும். ஒரு ஃப்ளை 3 டாலர் என்று வைத்தாலும் 100 ஃப்ளை உள்ள பெட்டி 300 டாலர். அவரிடம் இரண்டு பெட்டி. நல்ல பை வாங்கியிருந்தால் அதில் பாதி செலவாகியிருக்காது.

சாதாரணப் பை எப்படித் தைக்கப்பட்டது என்று பாருங்கள். நைலான் துணி, உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு, வெளிப்பக்கம் தண்ணீரை உருட்டிவிடும் ஒரு மெழுகுத்தன்மை. ஜிப்பின் மேல் ரப்பர் போன்ற மெல்லிய தோல். மழைக்கும் துடுப்பு தெறிக்கும் தண்ணீருக்கும் இது தாராளம். ஆனால் தையல் போட்ட இடமெல்லாம் ஊசித்துளை. ஜிப்பின் பற்களுக்கு நடுவே இடைவெளி. மேலிருந்து விழும் தண்ணீருக்கு அழுத்தம் கிடையாது, வழிந்து போய்விடும். முழுகும்போது நாலாபக்கமும் அழுத்தித் தண்ணீர் உள்ளே வரும்.

முழுகினாலும் தாங்கும் பை வேறு இனம். டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் பூசிய தடித்த துணி, தைக்காமல் சூட்டில் உருக்கி ஒட்டிய இணைப்புகள், டிஸிப் மாதிரியான காற்றுப்புகாத ஜிப். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். வாங்கியதும் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து ஜிப்பை மூடி, பக்கெட் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். வெளித்துணியை நன்றாகத் துடைத்த பிறகு திறந்து பாருங்கள். காகிதம் உண்மையைச் சொல்லும்.

சரி, அந்தப் பையை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எனக்கு இன்னும் எரிச்சல் வருவது அதை வாங்கியவர்களைப் பார்த்தால்தான். அந்த ஜிப் இறுக்கமானது, இரண்டு கை வேண்டும். தூண்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் இழுத்தால் வராது. எனவே பாதி திறந்தபடியே விட்டுவிடுவார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய பை, திறந்த வாயோடு ஆற்றில் இறங்கும்! இழுப்பான் கடைசிக் குழிக்குள் போய் உட்காரும்வரை அது மூடிய ஜிப் அல்ல. இரண்டு முனையிலும் அதற்கென்று தரும் மசகை அவ்வப்போது தடவ வேண்டும், மணல் ஒட்டினால் உடனே கழுவ வேண்டும்.

இன்னொன்று, தண்ணீரை உள்ளே விடாத பை உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மீன் கடித்து நனைந்த ஃப்ளையைத் துடைக்காமல் பெட்டியில் குத்தி, பெட்டியைப் பைக்குள் வைத்து, பையை டிக்கியில் வைத்துப் பூட்டினால், முழுகாமலே துருப்பிடிக்கும். பயன்படுத்திய ஃப்ளையைப் பையின் வெளியே இருக்கும் நுரைத் துண்டில் குத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் பையையும் பெட்டிகளையும் விரியத் திறந்து மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். வேறு ஆற்றுக்குப் போகுமுன் பை காய்ந்திருப்பது இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். டெலாவேர் பக்கம் டிடிமோ என்ற பாசி இருக்கிறது, அது ஈரமான சாமான்களோடு ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும்.

என்னைக் கேட்டால், சிற்றாறுகளில் மட்டும் நிற்பவர் சாதாரணப் பையையே வாங்கலாம். சாவியையும் போனையும் வாய்சுருட்டும் சின்ன உலர்பையில் போட்டு உள்ளே வையுங்கள், பெட்டி ரப்பர் விளிம்பு வைத்ததாக இருக்கட்டும். ஹான்காக் மாதிரி பெரிய ஆறுதான் வாடிக்கை என்றால் முழுகத் தாங்கும் பை. அதிலும் அடிக்கடி தொடுகிற டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி இழை), ஃப்ளை மிதக்கத் தடவும் களிம்பு, கத்தரி மூன்றும் வெளியே இருக்க வேண்டும், பெரிய ஜிப்பைத் திறக்கிற வேலையே அபூர்வமாக வர வேண்டும். மூடுமுன் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். காற்றடைத்த பை ஆழத்தில் மிதந்து மேலெழும், நீரோட்டம் அதைப் பிடித்துத் தள்ளும். எந்தப் பையானாலும் ஆழம் கடக்குமுன் கழற்றித் தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ள அரை நிமிடம் போதும்.

பெரிய பையாகப் பார்த்து வாங்குவது

10 லிட்டர் பை வாங்கினால் 10 லிட்டரும் நிரம்பும். பெரிய பீரோ வாங்கினால் புடவை தானாகச் சேர்கிற மாதிரிதான். ஒருவர் ஏப்ரல் கடைசியில் ஆகஸ்டில் பறக்கும் டிரைக்கோ என்ற குட்டிப் பூச்சிக்கான ஃப்ளை பெட்டியையும் சுமந்து வந்திருந்தார். 22, 24 எண் குட்டிக் கொக்கிகள். அன்றைக்கு ஆற்றில் பறந்தது ஹெண்ட்ரிக்ஸன் என்ற அதைவிடப் பெரிய பூச்சி, அதற்கு 14ஆம் எண் கொக்கிதான் வேலை செய்யும். அந்தப் பருவத்துக்கு ஒரு பெட்டி, எப்போதும் உதவும் நிம்ஃப் வகைகளுக்கு (தண்ணீருக்கடியில் வாழும் இளம் பூச்சி மாதிரியான ஃப்ளை) ஒரு பெட்டி, டிப்பெட் இரண்டு மூன்று சுருள், சாண்ட்விச், மெல்லிய மழைச்சட்டை. இதற்கு ஐந்தாறு லிட்டர் போதும். அதற்கு மேல் கனம் ஏறினால் பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பை வழுக்கிப் பின்பக்கம் தொங்கும், மாலையில் நடு முதுகு பேசும்.

சட்டைக்கு மேல் கட்டிப் பார்த்து வாங்குவது

கடையில் கட்டும்போது உங்கள் மேல் இருப்பது ஒரு டி-ஷர்ட். ஆற்றில் இருப்பதோ உள்ளே கம்பளி, மேலே வேடர்ஸ், அதற்கும் மேலே மழைச்சட்டை. பெல்ட் பத்தாமல் போகும். வேடர்ஸையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

போட்ட பிறகு முக்கியமான சோதனை பையைச் சுழற்றிப் பார்ப்பது. தூண்டிலை அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரே கையால் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர வேண்டும். இருபக்கமும் தடித்த பஞ்சு வைத்த பெல்ட் நடைப்பயணத்துக்குச் சுகமானது, ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுழல மறுக்கும். சுழலாத பை, ஃப்ளை மாற்ற ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டிய பை. ஓடும் தண்ணீரில் நின்று பெல்ட்டின் கொக்கியைக் கழற்றுகிறவர்களின் பை எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமா?

வேடிங் பெல்ட்டுக்குப் பதிலாகப் பையின் பெல்ட்

கூடாது. விழுந்தால் வேடர்ஸுக்குள் தண்ணீர் இறங்காமல் பிடிப்பது வேடிங் பெல்ட். சுழல வேண்டிய பெல்ட் அந்த அளவுக்கு இறுக்கமாக இருக்காது. இரண்டும் கட்டுங்கள்.

வெளியே தோரணம் கட்டுவது

மேலே டிப்பெட்டும் கத்தரியும் வெளியே இருக்கட்டும் என்றேன். வெளியே இருப்பது வேறு, தொங்குவது வேறு. ஃப்ளை ஃபிஷிங்கில் லைனைக் கையால் இழுத்து இழுத்து விடுகிறோம். அது வந்து விழுவது நேராக இடுப்புக்கு முன்னால். அங்கே கத்தரி, மீன் வாயிலிருந்து கொக்கி எடுக்கும் ஃபோர்செப்ஸ், ஈயக்குண்டு டப்பா, வெப்பமானி என்று வரிசையாகத் தொங்கினால் லைன் எதிலாவது சுற்றிக்கொள்ளும். பெரிய மீன் மாட்டி ஓடுகிற நேரத்தில்தான் அது தெரியும். பிறகு அறுந்த டிப்பெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வாங்கும்போது ஃபோர்செப்ஸைப் படுக்கையாகச் செருக உறை இருக்கிறதா, கத்தரியின் இழுகயிறு பைக்குள் ஒடுங்கி உட்காருகிறதா என்று பாருங்கள். கோர்த்து மாட்டுகிற வளையங்கள் அதிகம் இருப்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். எனக்கு இரண்டு போதும்.

வலைக்கு இடம் பார்க்காதது

பைக்கும் முதுகுக்கும் நடுவே வலையின் கைப்பிடியைச் செருக ஓர் இடம் சில பைகளில் இருக்கும். அது சாய்வாக இருந்தால் நல்லது. நேர் செங்குத்தாக இருந்தால் உட்காரும்போது கைப்பிடி பாறையில் இடித்து வலை மேலே எகிறும். கோர்ஜின் கரைப் புதர்களுக்கு வலைக்கண் என்றால் கொள்ளை ஆசை. கடையிலேயே ஒரு வலையைக் கேட்டு வாங்கிச் செருகி, பின்னால் பார்க்காமல் உருவி, பார்க்காமலே திரும்பச் செருகிப் பாருங்கள்.

தோள் பட்டையை வீட்டில் விட்டுவருவது

தொப்பை உள்ளவர்களுக்கு அது கட்டாயம். எனக்கும்தான்.

தண்ணீர் பாட்டில் எந்தப் பக்கம்

வீசும் கைக்கு எதிர்ப்பக்கம்.

நிறத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்வது

டிரவுட்டைக் கலைப்பது உங்கள் நிழலும் காலடியும்.

பழைய பையைப் பார்க்காமல் வாங்குவது

இரண்டாம் கையாக நல்ல பைகள் பாதி விலைக்குக் கிடைக்கும், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். ஈரத்தோடு மூடி அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்த பையின் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், தோல் தோலாக உரியும். வெளியிலிருந்து பார்த்தால் பை புத்தம் புதிதாகவே இருக்கும். நேரில் போய் ஜிப்பைத் திறந்து உள்துணியை விரலால் தடவுங்கள், ஒருமுறை மோந்தும் பாருங்கள். விரல் ஒட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.