பொம்மை வீட்டுத் தோட்டத்துக்குப் புதர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசை வழிவது, பெயிண்ட் திட்டுத்திட்டாக நிற்பது போன்றவை இரண்டாவது புதரிலேயே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். புதிதாகச் செய்ய வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு. கீழே உள்ள அளவுகள் எல்லாம் 1:12 அளவு வீட்டுக்கானவை, அதாவது நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம்.

காயாத குச்சி

மருதாணிக் குச்சியின் நுனிக்கிளைகள் புதருக்கு அருமையான எலும்புக்கூடு. கம்பியில் அவ்வளவு நுணுக்கமாகக் கிளை பிரிக்க முடியாது. ஆனால் இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு, "காய்ந்துவிட்டது" என்று அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பட்டைதான் காய்ந்திருக்கும். ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று முறியாமல் நார் இழுத்துக்கொண்டு வளைந்தால், நடுவில் வெளிர்பச்சை தெரிந்தால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கண்ணாடி முகப்பு போட்ட வீட்டுக்குள் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. சுவர்க் காகிதத்தை மைதா பசையால் ஒட்டியிருந்தால் பூஞ்சைக்கு அதுவே விருந்து. முதலில் புதரின் அடியில் சாம்பல் நிறப் பஞ்சு தெரியும், பிறகு சுவரில் கரும்புள்ளி. புதரைப் பிடுங்கி எறிந்துவிடலாம். மாதக்கணக்கில் உழைத்து ஒட்டிய சுவரை என்ன செய்வது? பத்து ரூபாய் பெறாத குச்சிக்காக ஒரு வீடே பாழாவதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

குச்சிக்குள் வண்டு முட்டை இருந்தால் தொல்லை இரட்டிப்பு. சில வாரங்களில் அடியில் மாவு போலத் தூள் உதிரும். வீடு ப்ளைவுட் என்றால் அதற்கும் ஆபத்துதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. இலையை உருவிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மூன்று வாரம் காயவிடுங்கள். பிறகு ஓ.டி.ஜி. (கேக் சுடும் சிறு மின்சார) அடுப்பில் 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வையுங்கள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறியதும் ஜிப் கவரில் போட்டு மூடி, இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். கவரின் உள்பக்கம் ஆவி படிந்தால் இன்னும் காயவில்லை, மறுபடி அடுப்பு.

ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து இலைகளை ஊறவைக்கும் முறையும் உண்டு. இலை நொறுங்காமல் மெத்தென்று இருக்கும். ஆனால் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில், அதிலும் கடலோர ஊர்களில், இலை பிசுபிசுத்துப் பக்கத்துக் காகிதத்தில் கறை ஏற்றும். மூடிய வீட்டுக்குள் அது வேண்டாம்.

இலையின் அளவு

புதரின் உயரத்தைக் கணக்குப் போடுபவர்கள் இலையை மறந்துவிடுகிறார்கள். 8 செ.மீ. செம்பருத்தி இலை இங்கே 7 மி.மீ.க்கும் குறைவு. 3 செ.மீ. மருதாணி இலை இரண்டரை மி.மீ. கொலு பார்க்கில் பொம்மைகளே பல அளவில் இருப்பதால் பெரிய இலை உறுத்தாது. இங்கே 7 அங்குலக் கதவு பக்கத்திலேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

சிறு இலைக்குப் பழைய ஸ்பாஞ்சைத் துண்டுபோட்டு, தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்துப் பிழியுங்கள் (சமையல் ஜார் வேண்டாம்). அக்ரிலிக் பெயிண்டில் பிசைந்து, நன்றாகக் காய்ந்ததும் டீ வடிகட்டியில் சலியுங்கள். கீழே விழும் தூள் வேலிச்செடிக்கு, மேலே நிற்பது பெரிய புதருக்கு.

உருண்டை

ஸ்பாஞ்சு உருண்டையில் தூளை அப்பினால் லட்டுதான் கிடைக்கும். நிஜப் புதரில் கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவும். பீர்க்கங்காய் நாரை மெல்லிய வலையாகப் பிய்த்துக் கிளை நுனிகளில் மட்டும் மாட்டுங்கள். ஹேர் ஸ்ப்ரே அடித்துத் தூளைத் தூவுங்கள். கடைசியில் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துத் தெளியுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் கலவை முத்து முத்தாக மேலேயே நின்றுவிடும்.

ஒரே பச்சை

பாட்டில் பச்சை பிளாஸ்டிக் போலத் தெரியும். துளி பழுப்பு சேருங்கள். உள்ளே அடர்பச்சை, நுனியில் மஞ்சள் கலந்த இளம்பச்சை.

தெர்மகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்ட்

கரைந்துவிடும்.

ஹாட் க்ளூ

நூலாம்படை இழுக்கும். தொடாதீர்கள்.

அடிமண்

தரையில் நேராகக் குத்திய புதர் மேசையில் வைத்த பூங்கொத்து போல நிற்கும். தண்டைச் சுற்றி மண் சற்று மேடாக இருக்கட்டும், இரண்டு மூன்று உதிர்ந்த இலை கிடக்கட்டும். மண்ணுக்கு டீத்தூள் நல்ல பொருள். பயன்படுத்திய தூள் என்றால் கழுவி, வெறும் வாணலியில் சரசரவென்று உதிரும்வரை வறுத்து ஆறவைத்த பிறகே தூவுங்கள். அதிலும் பூஞ்சை பிடிக்கும்.