ஸ்டென்ட் வைத்த பெருந்தமனி: கணினி மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்தமனியில் ஸ்டென்ட் (தமனியை உள்ளிருந்து விரித்துத் தாங்கும் குழாய்) வைத்த பிறகு ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்கிடும்போது, சமன்பாட்டைத் தீர்க்கும் மென்பொருள் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. தமனியை எங்கே வெட்டினோம், வெட்டிய இடத்தில் என்ன நிபந்தனை கொடுத்தோம் என்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

கிளைகளின் எல்லா வெளிவாய்களிலும் (ரத்தம் மாதிரியை விட்டு வெளியேறும் வெட்டிய முனைகளிலும்) அழுத்தம் பூஜ்யம் என்று கொடுப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் தலைக்கும் கைக்கும் காலுக்கும் எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை, நாம் கிளைகளை வெட்டிய நீளமே பெரிதும் தீர்மானித்துவிடும். உண்மையில் தீர்மானிப்பது ஸ்கேனில் தெரியாத சிறு தமனிகளின் தடை. அதற்கு ஒவ்வொரு வெளிவாயிலும் விண்ட்கெஸல் மாதிரியை, அதாவது வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள தமனிகளைச் சில எண்களால் குறிக்கும் மாதிரியை, இணைக்க வேண்டும். ஓட்டோ ஃபிராங்க் 1899-இல் கொடுத்த எளிய வடிவத்தில் ஒரு தடை, ஒரு மீள்கொள்ளளவு (தமனி விரிந்து ரத்தத்தைத் தேக்கும் திறன்). இப்போது பலரும் கூடுதலாக இன்னொரு தடையைச் சேர்க்கிறார்கள். சிம்வாஸ்குலர் என்ற இலவச மென்பொருளிலேயே இந்த வசதி உண்டு. நோயாளியிடம் அளந்த ரத்த அழுத்தமும் ஓட்டமும் கணக்கில் திரும்ப வரும்வரை இந்த எண்களைச் சரிசெய்யுங்கள். ஸ்டென்டுக்கு முன் அளந்த ஓட்டப் பங்கீட்டைப் பின்னாலும் அப்படியே திணிக்காதீர்கள். தமனியின் குறுகிய இடம் ஸ்டென்டால் விரிந்ததும் அந்தப் பங்கீடே மாறக்கூடும்.

அடுத்தது சுவர். அசையாத சுவர் என்று வைத்தால் கணக்கு சீக்கிரம் முடியும். சராசரி அழுத்த இறக்கத்தை மட்டும் பார்க்க அது போதும். ஆனால் ஸ்டென்டின் முக்கியமான பக்கவிளைவு அதன் விறைப்புதான். நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவை) கம்பியும் பாலியஸ்டர் துணியும் சேர்ந்த குழாய், துடிப்புக்கு ஏற்ப விரிவது மிகக் குறைவு. அதனால் நாடித்துடிப்பு அழுத்தம் (மேல், கீழ் ரத்த அழுத்தங்களின் வித்தியாசம்) கூடி, இதயத்தின் இடது கீழறைக்குச் சுமை ஏறுகிறது. தமனி முழுவதையும் அசையாமல் வைத்த மாதிரியில் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது. முழுத் தமனிக்கும் ஒரே விறைப்பைக் கொடுப்பதும் தவறு, ஏனென்றால் ஸ்டென்டின் இரு முனைகளில்தான் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் ஏற்படும் விசை) குவிகிறது.

அசையும் சுவர் வைப்பவர்கள் வேறொன்றைத் தவறவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேனில் தெரியும் தமனி ஏற்கெனவே ரத்த அழுத்தத்தால் விரிந்திருக்கிறது. அதையே தளர்ந்த வடிவம் என்று எடுத்து 120 மி.மீ. பாதரச அழுத்தத்தை ஏற்றினால் இரண்டாம் முறை ஊதிப்போகும். சுவரில் முன்தகைவை, அதாவது ஸ்கேன் எடுத்தபோதே சுவரில் இருந்த தகைவை, சேருங்கள், இல்லையென்றால் அழுத்தமில்லாத வடிவத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம், முதல் இதயத்துடிப்பின் முடிவை எடுக்காதீர்கள். துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறாத நிலை வரட்டும். மெஷ் (கணக்குக்காகத் தமனியைப் பிரித்த சிறு கட்டங்கள்) போதிய அளவு நுணுக்கமா என்பதை வேகத்தை வைத்து முடிவு செய்யாமல், சுவரில் ரத்தம் உரசும் தகைவை வைத்துச் சோதியுங்கள். மெஷ்ஷை நுணுக்கிக்கொண்டே போகும்போது வேகம் நிலைத்த பிறகும் அந்தத் தகைவு மாறிக்கொண்டிருக்கும்.