வில்லியம் மடோக்ஸின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸின் வடமேற்குக் கரையில் இருக்கும் போர்த்மடாக் ஊருக்குப் போய் வந்தவர்கள் அந்த ஊர் உருவாகக் காரணமான நில உரிமையாளர் வில்லியம் மடோக்ஸைப் பற்றி எழுதும்போது, "சிலேட்டுக் கல்லை ஏற்றுமதி செய்யவே கடலை மறித்து அணை கட்டினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அவர் நினைத்ததே வேறு. லண்டனிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் பாதை தன் நிலம் வழியாகப் போக வேண்டும், அதோடு கடல் நீர் ஏறி இறங்கும் மணல்வெளி விளைநிலமாக வேண்டும், இதுதான் அவருடைய ஆசை. அவர் கட்டிய ட்ரெமடாக் ஊரில் லண்டன் தெரு, டப்ளின் தெரு என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும். கடைசியில் அந்தப் பாதை வேல்ஸின் இன்னொரு துறைமுகமான ஹோலிஹெட் பக்கம் போய்விட்டது.

சரி, துறைமுகம் எப்படி வந்தது? காப் என்கிற அந்த அணை சுமார் ஒரு மைல் நீளம். அதற்காகக் கிளாஸ்லின் ஆற்றை ஒரு ஓரமாக மதகு வழியாகத் திருப்பிவிட்டார்கள். குறுகிய இடத்தில் வேகமாகப் பாய்ந்த தண்ணீர் மணலை அரித்து, கப்பல் நிற்கும் அளவுக்குத் தானாகவே ஆழத்தைத் தோண்டிவிட்டது. முழுக்க எதிர்பாராமல் கிடைத்தது அது! ஆனால் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு 1821-இல் துறைமுகம் கட்ட நாடாளுமன்றத்தில் சட்டம் வாங்கினாரே, அங்கேதான் எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மதிப்பு.

"1811-இல் அணை முடிந்தது" என்று நிறுத்திவிடுவதும் தவறுதான். மாட்டை முழுசாகச் சுட்டு ஊரே விருந்து கொண்டாடியது உண்மை, ஆனால் 1812 பிப்ரவரிப் புயலில் அணை உடைந்தது, அதைச் சரிசெய்வதற்குள் அவர் கடனில் மூழ்கிப்போனார். அப்புறம், கவிஞர் ஷெல்லிதான் அணையைக் காப்பாற்றினார் என்கிறவர்களும் உண்டு. ஷெல்லி நிதி திரட்ட அலைந்தது நிஜம், ஆனால் அங்கே இருந்ததே சில மாதங்கள்தான், 1813-இல் கிளம்பிவிட்டார்.

வேல்ஸ் தொகுதி உறுப்பினர் என்றும் எழுதாதீர்கள். பிறந்தது லண்டனில், 1802 முதல் 1820 வரை நாடாளுமன்றத்தில் இருந்தது இங்கிலாந்தின் பாஸ்டன் தொகுதிக்காக. 1809-இல் அமைச்சர்கள் மீதே நாடாளுமன்ற இடங்களை விலைக்கு விற்கும் ஊழல் புகாரை அவையில் எழுப்பியவர், அதை விட்டுவிட வேண்டாம்.

ரயில் பாதையையும் அவர் கணக்கில் சேர்க்காதீர்கள். காப் மேல் ஓடும் பெஸ்டினியாக் ரயில் 1836-இல்தான் வந்தது. அவர் 1828-லேயே பாரிஸில் இறந்துபோனார், கல்லறையும் அங்கேதான்.