பல்கலைக்கழக வளாகத்தில் இதயப் பரிசோதனை முகாம்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பில் இருந்தபோது, செப்டம்பர் 29 உலக இதய நாளையொட்டி நான் நடத்திய முதல் முகாமில், நல்ல உடல்நிலையில் இருந்த பலருக்கும் இரத்த அழுத்தம் அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். மறுவாரம் மருத்துவர் அளந்தபோது அவர்களில் பெரும்பாலோருக்கு அளவு சரியாகவே இருந்தது.

பதிவாளர் அனுமதி, சுற்றறிக்கை, பந்தல் ஆகியவை கருத்தரங்கு நடத்தியவர்களுக்குத் தெரிந்தவையே. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது இடம். முதல் முறை இரண்டாம் மாடிக் கருத்தரங்கக் கூடத்தைத் தேர்ந்தெடுத்து, வாசலிலேயே காபியும் கொடுத்தோம். மாடியேறிய மூச்சும் குடித்த காபியும் சேர்ந்து அளவைக் கூட்டின. தரைத்தளத்தில் நடத்துங்கள், காபியை அளந்த பிறகு கொடுங்கள். காவலர்கள், தோட்டப் பணியாளர்கள், விடுதிச் சமையலர்கள் ஆகியோர் பணியை விட்டு வரமாட்டார்கள் என்பதால், ஒரு மேசையை விடுதிச் சமையற்கூடத்திற்கே கொண்டுசெல்லுங்கள்.

அளக்கும் படியில்தான் நிதானம் வேண்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, தேநீர், புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் மேசைமீது இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து சராசரியை எழுதுங்கள்.

எங்களை உண்மையில் கவிழ்த்தது, இரத்த அழுத்தக் கருவியோடு மேற்கையில் சுற்றிக் கட்டும் கைப்பட்டை. பருத்த கைகொண்ட விடுதிச் சமையலர் ஒருவருக்கு நடுத்தரப் பட்டையில் 152/96 காட்டிய அதே கருவி, பெரிய பட்டையை மாற்றியதும் 132/84 காட்டியது. பட்டை சிறிதானால் அளவு பொய்யாகக் கூடும். ஆகவே மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்ட பிறகே கட்டுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் முகாமிற்குள் அனுமதிப்பதில்லை. மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியும் இரண்டு, மூன்று அளவுப் பட்டைகளும் போதும்.

சராசரி 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் பரிந்துரைச் சீட்டு கொடுங்கள். ஒருநாள் அளவை வைத்து நோய் என்று சொல்லிவிடாதீர்கள். 180/120ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உடனிருந்தால் 108ஐ அழையுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேற்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டின் அடிக்கட்டை உங்களிடம் இருந்தால்தான், மறுவாரம் யார் மருத்துவரைப் பார்க்கவில்லை என்று கேட்க முடியும்.

விழிப்புணர்வுக்கு நீண்ட சொற்பொழிவைவிட, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைப் பழகும் பயிற்சிப் பொம்மை மேலானது. நெஞ்சின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்திப் பார்த்த மாணவர் அதை எளிதில் மறப்பதில்லை. தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகள் முதல் தவணையாக 2023 முதல் தரப்படுவதையும் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: வெறும்வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனை என்று அறிவித்ததால், சிலர் காலை இரத்த அழுத்த மாத்திரையையும் போடாமல் வந்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சாப்பிட்டுவிட்டே வரலாம், வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்று அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுக்கும் சர்க்கரை அளவு 140ஐத் தாண்டினால் அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.