விளம்பரத் தொகையைத் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் பங்கிடுவது எப்படி?

1941 ஜூலை 1 அன்று நியூயார்க் நிலையம் ஒன்றில் புலோவா கைக்கடிகாரத்துக்காக 10 விநாடி விளம்பரம் ஒளிபரப்பானபோது, அந்த நிறுவனம் வாங்கியது நேரத்தை மட்டுமே; அந்த நேரத்தில் பெட்டியின் முன் யார் இருந்தார்கள் என்பது ஊகத்துக்கு விடப்பட்டது. பின்னாளில் ரேட்டிங் கணக்கெடுப்பு வந்தும், சில ஆயிரம் வீடுகளை வைத்து மொத்தத்தையும் மதிப்பிடும் வழக்கமே நீடித்தது. இணையத்திலோ குறிப்பிட்ட ஒருவரின் திரையில் விளம்பரம் தோன்றும் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக விற்கப்படுகிறது. விற்கப்படும் பொருளே வேறு என்பதால், இரண்டின் விலையையும் நேரடியாக ஒப்பிட்டுத் தொகையைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

ஆகவே, முதலில் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தொலைக்காட்சி ஸ்பாட்டின், அதாவது ஒருமுறை ஒளிபரப்பாகும் விளம்பரத்தின், கட்டணம் 60,000 என்றும், அதைப் பார்ப்பவர்கள் 3 லட்சம் பேர் என்றும் வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு 200 செலவாகிறது. இணையத்தில் ஆயிரம் தோற்றங்களுக்கு 150 கேட்கிறார்கள் என்றால் மலிவாகத் தெரியும். ஆனால் அவற்றில் எத்தனை உண்மையில் கண்ணில் பட்டன என்று கேளுங்கள். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வகுத்த அளவுகோலின்படி, வீடியோ விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது தொடர்ந்து 2 விநாடி திரையில் தெரிந்தால்தான் அது பார்க்கக்கூடிய தோற்றம். நூற்றில் அறுபது மட்டுமே அந்தத் தகுதியைப் பெற்றால், உண்மையில் பார்க்கக்கூடிய ஆயிரம் தோற்றங்களுக்கான செலவு 150 அல்ல, 250 ஆகிவிடும். (2 விநாடி பார்ப்பதை ஒரு பார்வை என்பதே தாராள மனதுதான்.) தொலைக்காட்சி எண்ணிக்கையிலும், விளம்பர இடைவேளையில் எழுந்து போனவர்களுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விளம்பரப் படம். தொலைக்காட்சிக்காக எடுத்த 30 விநாடிப் படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. இசை மெல்ல எழும், ஒரு குடும்பம் சிரிக்கும், 26-ஆவது விநாடியில் பொருளின் பெயர் வரும். யூடியூபிலோ 5 விநாடி முடிந்ததும் ஸ்கிப் பொத்தான் வந்துவிடும், தள்ளிவிட்டவருக்கு எதன் விளம்பரம் என்பதே தெரிந்திருக்காது. பெயரையும் பொருளையும் முதல் 5 விநாடிக்குள் காட்டிவிட்டுக் கதையைப் பிறகு சொல்லுங்கள். பார்வைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் முறையில், 30 விநாடியோ, படம் அதைவிடச் சிறியதென்றால் முழுவதுமோ ஒருவர் பார்த்தால், அல்லது அதை அழுத்தினால்தான் பணம் கழியும் என்பதால், தள்ளிவிட்டுப் போகிறவரும் உங்கள் பெயரைக் காசில்லாமல் பார்த்துவிட்டுப் போவார். பலர் ஒலியை அணைத்தே பார்ப்பதால் எழுத்தும் திரையில் இருக்கட்டும்.

எதை எங்கே வைப்பது என்பதில் என் கணிப்பு இது: ஒரே நாளில் பெருந்திரளுக்குத் தெரிய வேண்டிய அறிமுகத்துக்கு நேரலை விளையாட்டும் செய்தியும் இன்னும் வலுவானவை, குறிப்பிட்ட பகுதியிலோ வயதிலோ உள்ளவர்கள் மட்டும் போதும் என்றால் இணையமே சிக்கனம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை ஸ்ட்ரீமிங் தளங்கள். 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸும் விளம்பரத்துடன் கூடிய திட்டத்தைத் தொடங்கியது. ஒரே ஆட்டத்தைப் பார்க்கும் இரு வீடுகளுக்கு இரு வேறு விளம்பரங்களை அங்கே அனுப்ப முடியும். ஒருவருக்கே இருபது முறை காட்டி வெறுப்பேற்றாமல் இருக்க, வாரத்துக்கு இத்தனை முறை என்று உச்சவரம்பை அமைக்க மறக்காதீர்கள்.

கடைசியாக, கிளிக் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளக்காதீர்கள். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பெயரைத் தேடி வந்தவரையும் இணையம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். 2021-இல் ஆப்பிள் தன் கைபேசிகளில் பயனரின் அனுமதி இல்லாமல் பிற செயலிகளில் அவரைப் பின்தொடர்வதைத் தடுத்த பிறகு, யார் எந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தார் என்று காட்டும் தடயங்களும் குறைந்துவிட்டன. அதைவிட, விற்பனை ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள இரு பகுதிகளைத் தேர்ந்து, ஒன்றில் மட்டும் இணைய விளம்பரத்தை ஆறு வாரம் நிறுத்திவையுங்கள். மற்ற எதையும் மாற்றாமல் இரு பகுதிகளின் விற்பனையையும் வாரவாரம் குறித்துவந்து, வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தத் தொகையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை இதே சோதனையைத் தொலைக்காட்சி ஸ்பாட்டுகளுக்கும் செய்யுங்கள்.