எஃப்.டி.பி. நடத்தப் போகிறீர்களா? பழைய வினாத்தாளை எடுத்துவரச் சொல்லுங்கள்

எங்கள் கல்லூரியில் நான் முதன்முதலாக எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) ஒருங்கிணைத்தபோது, சான்றிதழ்களை முதல் நாளே அச்சடித்து மேசையில் அடுக்கிவிட்டேன். ஐந்து நாள் நிகழ்ச்சி. மூன்றாம் நாள் மதியம் அறுபது நாற்காலியில் பதினேழு பேர். அதில் நான்கு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். பேசியவர் விஷயம் தெரிந்தவர்தான், ஆனால் நூற்று நாற்பது ஸ்லைடு. கடைசியில் கூகுள் ஃபார்மில் மட்டும் எல்லோரும் 'எக்ஸலண்ட்' போட்டிருந்தார்கள்.

அதிலிருந்து நான் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை. பதவி உயர்வுக்கு நாள்கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நாம் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்றும், பிறகு எச்.ஆர்.டி.சி. என்றும் சொல்லிக்கொண்டிருந்த அதே மையங்கள்தான். தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி பயிற்சிகளும் உண்டு. கல்லூரிக்குள் நாமே நடத்துவது அடுத்த வாரம் வகுப்பில் ஏதாவது மாற வேண்டும் என்பதற்காக. கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரம்தான் அதற்குச் சரியான நேரம். வேல்யுவேஷன் நடக்கும்போது மட்டும் வைத்துவிடாதீர்கள்.

தலைப்பை பேனரில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக முடிவு செய்யக் கூடாது. நான் டீ நேரத்தில் துறை துறையாகப் போய் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பேன்: "போன செமஸ்டரில் எந்தப் பகுதி நடத்தும்போது பிள்ளைகள் விழித்தார்கள்?" ஃபார்ம் அனுப்பினால் பத்துப் பேர் நிரப்புவார்கள். கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றால் எல்லோரும் எழுதுவார்கள்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். முதல்வர் தொடங்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடட்டும். அவர் முன்வரிசையில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் முதல் அமர்வு. ஆளுக்கொரு பழைய வினாத்தாள் கொண்டுவரச் சொல்லியிருப்போம் இல்லையா, அதில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அது எந்தச் சிந்தனைப் படியைச் சோதிக்கிறது என்று குறிக்கும் கே-லெவல் பத்தியைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு வேறு துறைக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் கேள்வியை மட்டும் படித்து கே1 முதல் கே6 வரை எண் போடுவார். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் குழு 1956இல் வெளியிட்டு, 2001இல் திருத்தப்பட்ட அதே ஆறு படிகள்தான்: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல். அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தாளைப் பிரித்து ஒப்பிட்டால் சிரிப்பு கிளம்பும்.

நான் இயற்பியல். என் தாள் வணிகவியல் மேடம் ஒருவரிடம் போனது. "எனக்கு ஒரு கேள்வியும் புரியல மேடம். ஆனா எல்லாமே 'டிஃபைன்', 'எக்ஸ்ப்ளெய்ன்'னுதானே ஆரம்பிக்குது?" என்றார். "ஒளிமின் விளைவை விளக்குக" என்ற கேள்விக்கு நான் கே4 போட்டிருந்தேன். அவர் போட்டது கே2. அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன்: "சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.3 எலக்ட்ரான் வோல்ட். அதன்மேல் 600 நானோமீட்டர் ஒளி விழுகிறது. எலக்ட்ரான் வெளிவருமா? ஒளிச்செறிவை இரட்டிப்பாக்கினால்?" அந்த ஒளித்துகளின் ஆற்றல் 2.07தான், அதனால் வராது. செறிவைக் கூட்டினாலும் வராது. பாடத்தை நெட்டுருப் போட்டவர் இரண்டாவது பாதியில் மாட்டிக்கொள்வார். இந்த அமர்வுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெளியிலிருந்து ஆள் கூப்பிடவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு யாரையும் பேச விடாதீர்கள். பிரியாணியும் போடாதீர்கள். அந்த நேரத்தில் பத்து நிமிட வகுப்பு வைக்கலாம்: ஒருவர் ஒரே ஒரு கருத்தை நடத்துவார், ஆறு பேர் மாணவர்களாக உட்காருவார்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய நுண்ணிலைக் கற்பித்தல்தான். பி.எட். படித்தவர்களுக்கு இது பழைய சோறு. நம்மில் பெரும்பாலோர் நெட், செட் தகுதித் தேர்வுகள், பிஎச்.டி.யோடு நேராக வகுப்புக்குள் வந்தவர்கள், இன்னொரு ஆசிரியர் முன்னால் பாடம் நடத்தியதே இல்லை. அதனால் கை நடுங்கும். பார்ப்பவர்கள் முதலில் "எனக்கு எங்கே புரிந்தது" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் "எங்கே விட்டேன்" என்று சொல்ல வேண்டும். குழுக்களைத் துறை கலந்து பிரியுங்கள். துறைத்தலைவரும் அவர் துறை இளையவர்களும் ஒரே குழுவில் இருந்தால் பாராட்டு மட்டும்தான் வரும்.

"முப்பது வருஷமா நடத்துறேன், இதெல்லாம் எனக்கெதுக்கும்மா?" என்று ஒரு மூத்த சார் கட்டாயம் இருப்பார். எங்கள் சாரிடம், "நீங்கதான் சார் முதல்ல நடத்திக் காட்டணும்" என்றேன். முறைத்தார். பிறகு எழுந்து போய், ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு நிகழ்தகவு நடத்தினார், பாருங்கள்! அன்று மாலை கடைசியாக அறையை விட்டுப் போனவரும் அவர்தான்.

ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) கோப்புக்கு வருகைப்பதிவும் இடம் பதிவாகும் ஜியோடேக் படங்களும் அன்றன்றே எடுத்து வைத்துவிடுங்கள், நாக் தரமதிப்பீடு வரும்போது தேடி அலைய முடியாது. சான்றிதழை மட்டும் உடனே தராதீர்கள். அடுத்த சி.ஐ.ஏ. (அகமதிப்பீட்டு) தேர்வு வினாத்தாளின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். முணுமுணுப்பு வரத்தான் செய்யும். போன முறை வந்த தாள்களில் ஒன்றில், கே4 என்று அச்சாகியிருந்த இடத்தைப் பேனாவால் அடித்து கே1 என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "கேள்வியை மாற்ற நேரமில்லை மேடம். நம்பரையாவது மாற்றிவிட்டேன்." அவருக்கும் சான்றிதழ் கொடுத்தேன்.